வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் சில மாதங்கள் தன்னார்வலராக இருக்க ஆசை. வயது 21. எந்த அமைப்பை நம்புவது, போய் என்ன வேலை செய்வது?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பள்ளியில் உங்கள் வேலை என்ன என்பது தெளிவானால், எந்த அமைப்பை நம்பலாம் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பள்ளியில் நீங்கள் ஆசிரியருக்குத் துணை, அவருக்குப் பதில் ஆள் இல்லை. நடைமுறையில் இந்த எல்லை முதல் வாரத்திலேயே அழிந்துபோகும். வெளிநாட்டவர் வந்துவிட்டார் என்று வகுப்பை ஒப்படைத்துவிட்டு, விடைத்தாள் திருத்தவோ வேறு வகுப்பைப் பார்க்கவோ ஆசிரியர் போய்விடுவார். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் பள்ளியில் அவர் அப்படிச் செய்வதில் தவறு காண முடியாது. ஆனால் மூன்று மாதம் கழித்து நீங்கள் கிளம்பும்போது பாடத்திட்டம் பின்தங்கியிருக்கும், உங்கள் முறை எதுவும் அவர் கைக்குப் போயிருக்காது, தேர்வில் அடி வாங்குவது பிள்ளைகள். ஆகவே ஆசிரியர் வகுப்பில் உடன் இருப்பார் என்பதைத் தலைமையாசிரியரிடம் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதற்கு மட்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை பாடப்புத்தகங்கள், ஆசிரியர் எந்த மொழியில் விளக்குகிறார், சத்தம் கூடினால் எப்படி அடக்குகிறார், கரும்பலகையிலிருந்து எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புத்தகம் இல்லாத வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். அதைக் கணக்கில் எடுக்காமல் போடும் பாடக்குறிப்பு பாதியில் மணி அடித்து நிற்கும். இரண்டாம் வாரம் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் மட்டும் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட சிறு குழு. தன்னார்வலரால் உண்மையாகப் பயன் விளையும் இடம் பெரும்பாலும் இந்தச் சிறு குழுதான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் கல்விக்காக இயங்கும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு, பிள்ளைகளை வகுப்பு வாரியாக அல்லாமல் அவர்களின் வாசிப்புத் திறனுக்கேற்பக் குழு பிரித்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கியது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் இதைச் சோதித்தபோது, குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற கிராமத்து இளைஞர்களே வாசிப்பு முகாம்களை நடத்தினார்கள், வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு அது. இந்த இருவரும் மைக்கேல் கிரெமருடன் 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். அந்தத் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் மொழியைப் பேசியவர்கள் என்பதைக் கவனியுங்கள். தாய்மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தர வெளிநாட்டவரால் ஆகாது. அந்த வேலைக்கு அவ்வூர் இளைஞர்தான் தகுதியானவர். நீங்கள் செய்யக்கூடியவை வேறு: இரண்டாம் மொழியில் பேச்சுப் பயிற்சி, பிள்ளைகள் உரக்கப் படிக்கும்போது அருகிலிருந்து கேட்பது, நூலக அலமாரியை ஒழுங்குபடுத்திப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பதிவேடு தொடங்குவது, கணினி இருந்தும் பூட்டிக் கிடந்தால் ஆசிரியர்களுக்கு அதைப் பழக்குவது. பள்ளி நேரம் முடிந்து ஆசிரியர்களோடு வாரம் இருமுறை அரைமணி நேரம் அந்த மொழியில் பேசிப் பழகினால், அதன் பலன் நீங்கள் போன பிறகும் வகுப்பறையில் இருக்கும்.

தனியாகப் பாடம் எடுக்கும் சூழல் வந்தால், 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: முந்தைய பாடத்தை நினைவுபடுத்த 5, புதிய சொற்கள் அறிமுகம் 7, எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பிறகு இருவர் இருவராகப் பேச 12, எழுத 10, மீதி நேரம் யாருக்குப் புரிந்தது என்று பார்க்க. புதிய சொற்கள் எட்டுக்கு மேல் வேண்டாம். கட்டளைகள் இரண்டு சிறு வாக்கியத்துக்குள், சொன்னதைச் செய்தும் காட்ட வேண்டும். அறுபது பேர் இருக்கும் அறையில் வட்டமாக உட்கார வைக்கும் விளையாட்டெல்லாம் நடக்காது. ஒரே பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள், போதும்.

அதிகம் பேர் கவனிக்காத பழுது ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் மாறி மாறி வரும் பள்ளியில் ஒவ்வொருவரும் நிறங்கள், விலங்குகள், உடல் உறுப்புகள் என்று முதலிலிருந்தே ஆரம்பிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதே பாட்டை ஐந்தாவது ஆளிடம் கற்றுக்கொண்டிருக்கும். மருந்து எளிது: ஒரு நீளக் குறிப்பேடு. தேதி, வகுப்பு, பாடப்புத்தகத்தின் பக்கம், என்ன கற்பித்தேன், முடிவில் பிள்ளைகளால் என்ன செய்ய முடிந்தது, யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று தினமும் ஒரு வரி. அது பள்ளியிலேயே இருக்க வேண்டும். போனவுடன் முந்தைய ஆளின் குறிப்பேட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே தொடங்குங்கள்.

எவ்வளவு காலம் போக வேண்டும்? கற்பிப்பதற்கு என்றால் ஒரு முழுப் பருவம், அதாவது ஏறத்தாழ மூன்று மாதம், என் கணக்கில் குறைந்தபட்சம். இரண்டு மூன்று வாரம்தான் விடுப்பு என்றால் வகுப்பறைப் பக்கம் போகாமல் வேலை முகாமைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் உலகப் போரில் சிதைந்த வெர்தூன் பகுதிக் கிராமம் ஒன்றைச் சீரமைக்க 1920இல் பியேர் செரெசோல் பல நாட்டவரைக் கூட்டிப் போனதில் தொடங்கிய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல், இன்றும் உள்ளூர்க் குழுக்களுடன் சேர்ந்து இத்தகைய முகாம்களை நடத்துகிறது. ஆனால் பள்ளிக் கட்டடம் கட்டும் திட்டங்களில் எச்சரிக்கை தேவை. கொத்துக்கரண்டி பிடிக்கத் தெரியாத இருபது பேர் வைக்கும் சுவரை இரவில் பிரித்து மீண்டும் கட்ட வேண்டிவரும். ஊர்க் கொத்தனாருக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூலியும் போகும்.

பள்ளி நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தன் கோடை விடுமுறையில் கிளம்பிப் போய்ப் பூட்டிய பள்ளியின் முன் நிற்பது அடிக்கடி நடக்கிறது. தெற்கு அரைக்கோளத்தின் பல நாடுகளில் கல்வியாண்டு ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கும்.

இப்போது அமைப்புகள். அரசு அல்லது பொது நிதியில் நடப்பவை முதல் தேர்வு, ஆனால் குடியுரிமைக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் பீஸ் கோர் 1961 முதல் இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், பயிற்சியோடு சேர்த்து ஏறத்தாழ 27 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோப்பியன் சாலிடாரிட்டி கார்ப்ஸ் 18 முதல் 30 வயது வரையானவர்களுக்கு. தனிநபர் சேவை 2 முதல் 12 மாதம், தங்குமிடம், உணவு, காப்பீடு, சிறு கைச்செலவுப் பணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முக்கியமாக ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கும், அதனுடன் இணைந்த நாட்டினருக்கும், சில அண்டை நாட்டினருக்கும் உரியது. ஜெர்மனியின் வெல்ட்வேர்ட்ஸ் திட்டம் 2008இல் ஜெர்மன் இளைஞர்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. 2013 முதல் எதிர்த் திசையிலும் நடக்கிறது: ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் ஜெர்மனிக்கு வந்து பள்ளிகளிலும் மழலையர் காப்பகங்களிலும் சேவை செய்யலாம். வயது வரம்பு 18 முதல் 28. இதைப் பற்றித் தெரியாமலே பலர் தனியார் முகவருக்குப் பணம் கட்டுகிறார்கள்.

கட்டணம் வாங்கும் அமைப்பு எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் சம்பளம் எல்லாம் செலவுதான். ஆனால் பணம் கட்டுமுன் இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள்: கட்டணத்தில் பள்ளிக்குப் போவது எவ்வளவு? எனக்கு முன் அங்கே இருந்தவர் யார், அவரோடு பேச முடியுமா? இந்த வேலையைக் கேட்டது பள்ளியா, நீங்களா? எந்த விசாவில் வர வேண்டும்? அவசரம் என்றால் இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது? ஐந்தில் மூன்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள். காவல்துறைச் சான்று கேட்காமல், நேர்காணல் இல்லாமல், எந்தத் தேதியில் வந்தாலும் சரி என்று ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளும் அமைப்பை விசாரிக்கவே வேண்டாம். உங்களைச் சோதிக்காதவர்கள் அடுத்து வருபவரையும் சோதிக்க மாட்டார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதன் பொருள் என்ன என்று யோசியுங்கள்.

அனாதை இல்லம் என்றால் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். கம்போடியாவில் யூனிசெப் ஆதரவுடன் 2011இல் வெளியான ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கையோ 75 சதவீதம் கூடியிருந்தது. தன்னார்வலரும் நன்கொடையும் வரும் இடத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பது சிலருக்குத் தொழிலாகிவிடுகிறது. போதாததற்கு, பாசம் காட்டி ஒட்டவைத்துவிட்டு மாதம் ஒருவர் கிளம்பிப் போவது ஏற்கெனவே பிரிவில் வாடும் பிள்ளைக்குக் கூடுதல் காயம்.

ஆவண வேலைகளை நான்கு முதல் ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். காவல்துறைச் சான்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதன் மேல் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அரசு தரும் சான்று, 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே செல்லுபடியாகும்) கேட்டால் இன்னும் சில நாட்கள். சம்பளம் இல்லாத வேலைதானே, சுற்றுலா விசா போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பல நாடுகளில் தன்னார்வப் பணியும் வேலைக் கணக்குதான். பிரிட்டனில் பார்வையாளர் விசாவில், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில், அதுவும் மொத்தம் 30 நாள் வரைதான் அனுமதி. அதற்கு மேல் என்றால் தனி விசா. விமான நிலையத்தில் சுற்றுலா என்று சொல்லிவிடு என்று அறிவுறுத்தும் அமைப்பு, மாட்டிக்கொண்டால் உடன் வராது. திருப்பி அனுப்பப்பட்ட பதிவு உங்கள் பேரில்தான் இருக்கும்.

தடுப்பூசிகளுக்கும் கால அட்டவணை உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும் (2016 முதல் ஆயுள் முழுவதும்). ஹெபடைட்டிஸ் பி வழக்கமான முறையில் மூன்று தவணை, முடிக்க ஆறு மாதம். நாய்க்கடி மருந்து கிடைக்காத ஊர் என்றால், போகும் முன்பே ரேபீஸ் தடுப்பூசி ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கடிபட்டால் அதன் பிறகும் ஊசி தேவை என்பதை மறக்க வேண்டாம். காப்பீட்டில் பெரிய மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுசெல்லும் செலவு உண்டா என்று பாருங்கள். வாடகை மோட்டார் சைக்கிள் விபத்துதான் அதிகம் சிக்கல் தருவது. உரிய ஓட்டுநர் உரிமமோ ஹெல்மெட்டோ இல்லை என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

ஊருக்குள் நடந்துகொள்வது பற்றிச் சுருக்கமாக. கிளம்பும் முன் வாழ்த்துச் சொற்கள், நூறு வரை எண்கள், 'உட்கார்', 'கேள்', 'திரும்பச் சொல்' போன்ற இருபது வகுப்பறைச் சொற்களை அந்த மொழியில் பழகிக்கொள்ளுங்கள். பெட்டி நிறையப் பேனாவும் பொம்மையும் சுமந்து போகாதீர்கள். அங்கேயே வாங்கினால் அந்த ஊர்க் கடைக்காரர் பிழைப்பார். அதையும் பிள்ளைகள் கையில் தராமல் பள்ளியிடம் கொடுங்கள். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும்படி யாராவது கேட்டால் நீங்களாகச் சம்மதிக்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோங்கள். மூடிய அறையில் எந்தப் பிள்ளையுடனும் தனியாக இருக்கக் கூடாது, தனிப்பட்ட கைப்பேசி எண் தரக் கூடாது, பெற்றோர், பள்ளி இருவரின் சம்மதமும் இல்லாமல் முகம் தெரியும் படம் எதையும் வெளியிடக் கூடாது. இவை உங்கள் மீது பழி வராமலும் காக்கும்.

ஆசிரியர் பிள்ளைகளை அடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வது என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். வகுப்பிலேயே எதிர்த்துப் பேசினால் அவர் முகம் சிறுத்துப்போகும், கோபம் நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளை மேல்தான் இறங்கும். தேதியோடு எழுதிவைத்து அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அந்த நாட்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அடிக்காமல் வகுப்பை அமைதியாக்க முடியும் என்பதை உங்கள் பத்து நிமிடத்தில் செய்து காட்டுவது மெதுவாக வேலை செய்யும். காயம் ஏற்படும் அளவுக்குப் போனாலோ பாலியல் சந்தேகம் வந்தாலோ மெதுவான வழியெல்லாம் கிடையாது, அமைப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு உடனே எழுத்தில் புகார் போக வேண்டும். அப்படி ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா என்பதையும் மேலே சொன்ன மின்னஞ்சலில் ஆறாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். அந்த இரண்டு வாரமும் புதிதாக எதையும் தொடங்காமல், நூலகப் பதிவேட்டையும் குறிப்பேட்டையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்து, அவர் அதை நடத்துவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நாட்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், செய்த வேலை ஆகியவை அடங்கிய கடிதத்தைத் தலைமையாசிரியரின் கையொப்பம், பள்ளி முத்திரையுடன் அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பின் கேட்டால் கிடைக்க மாதங்கள் ஆகும்.