250 கிராம் அரிசி மாவு எத்தனை கப்? எல்லாப் பொருளுக்கும் பொதுவான கணக்கு உண்டா?

பொதுக் கணக்கு தண்ணீருக்குத்தான் சரிவரும்: 100 மில்லி என்றால் 100 கிராம். அரிசி மாவு 250 கிராம் என்பது 240 மில்லி கப்பில் ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குள் வரும். மாவை எப்படி அள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் வெளியூரில் தனியாகச் சமைப்பவர் என்று நினைக்கிறேன். ரைஸ் குக்கரோடு வந்த கப்பை வைத்து அளக்கிறீர்கள் என்றால் அது 180 மில்லிதான். முதலில் அதைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தேன்குழல் ஆர்டர் எடுத்துச் செய்கிறோம். அளவெல்லாம் மாமியார் கொடுத்த பித்தளை உழக்கில்; அது கால் படி, சுமார் 336 மில்லி, அதாவது 240 மில்லி கப்பில் 1.4 கப். சென்ற தீபாவளிக்கு உதவிக்கு வந்த நாத்தனார் மகள், "அத்தை, எல்லாவற்றையும் கிராமில் எழுதிவைத்துவிடலாமே" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அவள் எடுத்த அட்டவணையில் ஒரு கப்புக்கு 120 கிராம் என்றிருந்தது மைதாவுக்கு. அதே கணக்கில் உழக்குக்கு 168 கிராம் என்று அரிசி மாவை நிறுத்துப் போட்டாள். மாவு குறைந்தது, வெண்ணெய் மட்டும் பழைய அளவு. முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததுமே பிரிந்து உதிர்ந்துவிட்டது.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சலித்த மாவை உழக்கில் மெல்லப் போட்டுத் தலைதட்டி நிறுத்துக் காட்டினேன். 185 கிராம். அதே உழக்கைத் தரையில் தட்டியதும் மாவு ஒரு விரற்கடை இறங்கியது. மேலே நிரப்பி நிறுத்தால் 220. மாவும் அதேதான், உழக்கும் அதேதான். சலித்து, தட்டாமல் அளப்பது எங்கள் வழக்கம் என்பதால் 185 என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நீங்களும் உங்கள் கப்பில், உங்கள் மாவை ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எந்த அட்டவணையும் தேவைப்படாது.

உழக்கு, ஆழாக்கெல்லாம் துல்லியமில்லாத பழைய சமாச்சாரம் என்று சொல்லச் சிலர் வருவார்கள். இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று ஒரே பாத்திரத்தால் அளந்தால், பாத்திரம் எதுவானாலும் விகிதம் மாறாது. தானியம் அவ்வளவாக அமுங்காது, மாவுதான் அமுங்கும். படிப்பறியாத பெண்கள் ஊருக்கே பந்தி போட்டது இந்த அளவில்தான். கேக் சுடுகிறவர்கள் தராசு வேண்டும் என்பது நியாயம், அதை நான் மறுக்கவில்லை.

கிராம், மில்லி என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் ஓர் எண்ணெய்க் கடையில் கிலோ விலையை வாங்கிக்கொண்டு லிட்டர் பாட்டிலில் நிரப்பித் தருகிறார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். கேட்டால், "இரண்டும் ஒன்றுதானே அம்மா" என்கிறார் கடைக்காரர். எப்படி ஒன்றாகும்? பாட்டிலுக்கு 90 கிராம் போகிறது. டின்னாக வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும்: 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோ அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கும், 15 கிலோ டின் வேறு. டின்மேல் கிலோவா, லிட்டரா என்று படித்துவிட்டு விலை பேசுங்கள். அந்தக் கடையில் நான் இப்போது காலி பாட்டிலைத் தராசில் வைத்து, எடையைக் கழித்து, என் கண் முன்னே நிறுத்துத்தான் வாங்குகிறேன்.