ஊர் பேசினால் பேசட்டும், டீச்சர்

தம்பி, வணக்கம்ங்க. கோபி பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வயது 69. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மகன் பெங்களூரில், மகள் டெக்சாஸில், நான் மட்டும் தோட்டத்து வீட்டில். சிவகிரி கொலைச் சம்பவத்துக்கு அப்புறம் ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் கோவையில் சீனியர் சிட்டிசன் குடியிருப்பில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. மகனோ, "அம்மாவ முதியோர் இல்லத்துல விட்டுட்டான்னு ஊரே பேசும்" என்கிறான். போவதென்றால் பூமியைத் தன் பேருக்கு எழுதிவிட்டுப் போகச் சொல்கிறான். வில்லா வாங்குவதா, வாடகைக்குப் போவதா? இந்த வீட்டை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

போங்கள். ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், எதையும் எழுதியும் கொடுக்காதீர்கள்.

ஊர் பேசத்தான் செய்யும். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் இந்த மாதிரிக் குடியிருப்புகள் வந்த புதிதில் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் மும்பை, சென்னை என்று வேலை பார்த்துவிட்டு, நல்ல காற்று, நல்ல ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வந்து போக ஏர்போர்ட் என்று கணக்குப் பார்த்து வந்த வெளியூர்க்காரர்கள். நம் ஆட்கள் அதை வேடிக்கைதான் பார்த்தோம், "பெத்த புள்ளைக இருக்கையில இதெல்லாம் நமக்கெதுக்கு" என்று. இன்று காங்கேயத்துக்காரரும் பொள்ளாச்சிக்காரரும் அங்கே சாப்பாட்டு மேசையில் தேங்காய் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று கொலைகள் நடந்த பிறகு, கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பதுதான் கௌரவம் என்று எவராவது சொன்னால் அவரை ஒரு ராத்திரி உங்கள் திண்ணையில் வந்து படுக்கச் சொல்லுங்கள்.

சரி, வில்லா விஷயத்துக்கு வருவோம். இந்தத் தொழில் வீடு விற்பதாகத்தான் இங்கே பெருகியது, அதனால் விளம்பரம் எல்லாம் புல்தரை, யோகா ஹால், மலை தெரியும் பால்கனி. (மலை தெரிகிற இடத்துக்கு யானையும் வரும். தொண்டாமுத்தூர்க்காரர்களைக் கேளுங்கள், வாக்கிங் நேரத்தைப் பற்றிச் சொல்வார்கள்.) கொஞ்ச வருடமாகப் போக்கு மாறுகிறது. ஊருக்கு வெளியே வில்லா என்பதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி, சொந்தமாக வாங்குவதோடு டெபாசிட் கட்டி லீஸ் அல்லது மாத வாடகை, தானாக நடமாட முடிந்தவர்களுக்கு மட்டும் என்று இருந்த இடத்தில் உதவிக்கு ஆள் வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு, மறதி நோய்க்காரர்களுக்கு இன்னொரு பிரிவு. நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி இரண்டைத்தான். 69 வயதில் உங்களுக்கு வேண்டியது பாதுகாப்பும் பேச்சுத்துணையும், 82-ல் வேண்டியது எழுப்பி உட்கார வைக்க ஒரு ஆள். "படுத்த படுக்கையாகிவிட்டால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, பிள்ளைகளை வரச் சொல்வீர்களா, அதற்கு மாதம் எவ்வளவு?" என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் அத்தை ஒருவர் அப்படி ஒரு இடத்தில் இருக்கிறார். பார்க்கப் போனபோது பாத்ரூமில் ஆபத்துக்கு இழுக்கும் சிவப்புக் கயிற்றைத் துண்டு போடும் கம்பியில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். கேட்டால், தரை துடைக்க இடைஞ்சலாம். வழுக்கி விழுந்து தரையில் கிடப்பவருக்குத்தானே அந்தக் கயிறு, அது தோள் உயரத்தில் இருந்து என்ன பிரயோசனம்? நான் அவிழ்த்து இழுத்துப் பார்த்தேன், ரிசப்ஷனில் மணி அடித்தது, ஆள் வரத்தான் நேரமானது. நீங்களும் போகிற இடத்தில் இழுத்துப் பாருங்கள், அதுவும் ராத்திரி. ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிஃப்டா, ராத்திரி நர்ஸ் அங்கேயே இருக்கிறாரா, அவர்கள் சொல்கிற ஆஸ்பத்திரி உங்கள் பென்ஷனர் காப்பீட்டுப் பட்டியலில் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சாப்பாடு சின்ன விஷயம் இல்லை. பல இடங்களில் பொதுச் சமையல் சுத்த சைவம், சில இடங்களில் வீட்டுக்குள்ளும் கறி சமைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோழி இல்லாமல், கொள்ளு ரசம் இல்லாமல் எத்தனை நாள் தள்ளுவீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று, கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்: பெரிய காரியம் ஆகிவிட்டால் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை அங்கே வைக்க விடுவார்களா?

ஒப்பந்தம். மத்திய அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. கட்டியவர், சேவை நடத்துபவர், குடியிருப்பவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது அது. நல்ல யோசனை, ஆனால் வழிகாட்டுதல்தான், சட்டமல்ல. அதனால் மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பி வரும், எல்லாம் எழுத்தில் வேண்டும். வாங்கினால் இன்னொரு சிக்கல். பின்னால் வீடு பிள்ளைகள் பேருக்குப் போகும், ஆனால் வயது வரம்பு வைத்திருக்கும் இடங்களில் அவர்கள் குடியிருக்க முடியாது, விற்பதென்றாலும் அங்கே குடிவரத் தகுந்த வயதானவரைத்தான் தேட வேண்டியிருக்கும். வாடகைக்கே போங்கள்.

பூமி பற்றி. அது உங்கள் பேரில் இருந்தால், இப்போதே மகன் பேருக்கு மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுத வேண்டிய அவசரம் என்ன? உயில் போதும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். வீட்டுக்காரர் பேரில் இருந்து அவர் உயில் எழுதவில்லை என்றால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் உங்கள் அளவுக்குப் பங்கு உண்டு, மகன் மட்டும் முடிவு செய்கிற விஷயமே இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்று நின்றால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டம், 23-வது பிரிவு: பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், மனுவைக் கோபி கோட்டாட்சியரிடமே கொடுக்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு முதியவர்கள் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே பார்த்தது, இருந்தாலும் அதை நம்பி நிபந்தனை இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டைப் பூட்டிப் போடாதீர்கள், கரையான் தின்றுவிடும். தோட்டம் பார்க்கிற குடும்பம் இருந்தால் பின்கட்டில் குடிவையுங்கள், முன் அறைச் சாவி உங்களிடம் இருக்கட்டும். பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழா முடிந்ததும் கோவைக்குப் போய் ஒரு மாதம் கெஸ்ட்டாகத் தங்குங்கள், பல இடங்களில் அதற்கு ஏற்பாடு உண்டு. பிடிக்கவில்லை என்றால் கோபிக்குப் பஸ் ஏறிவிடலாம்.