மூளை ஆப்ல ஸ்கோர் குறையுதா? மொதல்ல விரலப் பாருங்க

கேள்வி: எங்கப்பாவுக்கு 72 வயசு, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு, திருச்சில இருக்காரு. ஞாபகசக்திக்கு நல்லதுன்னு போன வருஷம் ஒரு மூளைப் பயிற்சி ஆப்புக்கு வருஷ சந்தா கட்டிக் குடுத்தேன். மூணு மாசமா ஸ்கோர் இறங்கிட்டே வருது, "எனக்கு மூளை மங்கிடுச்சுடா"ன்னு போன் பண்றப்பல்லாம் புலம்புறாரு. சந்தாவ புதுப்பிக்கலாமா, இல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா?

பதில்: ரெண்டுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அப்பா பக்கத்துல பத்து நிமிஷம் உக்காந்து அவரு விளையாடறத வாயத் திறக்காம பாருங்க. ஸ்கோர விட்டுடுங்க, விரலயும் மூக்குக்கண்ணாடியயும் கவனிங்க.

நான் எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் உக்காந்தேன். முந்தி வந்த படமும் இப்ப வர்ற படமும் ஒண்ணா இல்லையான்னு சொல்லணும், அவ்ளோதான் கேம். பெரியம்மா "ஒண்ணுதான்"னு வாயால டக்குன்னு சரியா சொல்லிட்டாங்க, விரலயும் பட்டன் மேல வச்சாங்க, ஆனா போன் அத வாங்கிக்கவே இல்ல. வயசானா விரல் நுனி வறண்டு போயிடும், வறட்டு விரல டச் ஸ்கிரீன் பல நேரம் கண்டுக்காது, அதுலயும் ஓரமெல்லாம் தூக்கிக்கிட்ட ஸ்கிரீன் கார்டு வேற. சரின்னு அழுத்திப் புடிச்சாங்க, அழுத்திப் புடிச்சா வேற ஏதோ ஒரு மெனு திறக்குது, அத மூடறதுக்குள்ள டைம் முடிஞ்சு செவப்பு கலர்ல ஒரு பெருக்கல் குறியும் ஒரு கொர்ருன்னு சத்தமும். சொன்ன பதில் சரி, ஸ்கோர் சைபர். இதுல பைஃபோகல் கண்ணாடி போட்டவங்க கீழ்ப்பாதி வழியாத்தானே கிட்டத்துல இருக்கறத பாக்கணும், டேப்லெட்ட ஸ்டாண்டுல நிறுத்தி வச்சா தாடைய தூக்கிக்கிட்டே விளையாட வேண்டியதுதான், அஞ்சு நிமிஷத்துல கழுத்து வலிக்கும். அந்த ஆப் அளந்ததெல்லாம் எங்க பெரியம்மா விரல்ல எவ்ளோ ஈரம் இருக்குன்றத மட்டும்தான்.

கேம் இங்கிலீஷ் வார்த்தைய வச்சுன்னா இன்னும் மோசம். அப்பாவுக்கு தமிழ்ல ஆயிரம் வார்த்தை வரும், இங்கிலீஷ்ல அஞ்செழுத்து வார்த்தைய முப்பது செகண்டுல கண்டுபுடின்னா அது ஞாபகசக்திக்கு வைக்கிற டெஸ்ட்டா, இங்கிலீஷ் பரீட்சையா?

அதனால இப்போதைக்கு புதுப்பிக்க வேணாம். போன் செட்டிங்ஸ்ல ஆக்ஸஸிபிலிட்டின்னு இருக்கும், அதுல எழுத்து சைஸ் பெருசாக்குங்க, அழுத்தினதும் மெனு டக்குன்னு திறக்காம இருக்க டச் அண்ட் ஹோல்ட் டிலேய லாங்ல வைங்க, கிழிஞ்ச ஸ்கிரீன் கார்ட புடுங்கிப் போடுங்க, ஆப்ல டைமர் இல்லாம விளையாட வழி இருக்கான்னு தேடுங்க. இத்தனைக்கும் அப்புறம் ஸ்கோர் எப்படின்னு பாத்துட்டு முடிவெடுக்கலாம்.

டாக்டர் விஷயத்த ஸ்கோர வச்சு முடிவு பண்ணாதீங்க, வீட்டுல நடக்கறத வச்சுப் பண்ணுங்க. தெரிஞ்ச தெருவுல வழி தவறறது, கேட்ட கேள்வியவே பத்து நிமிஷத்துல திரும்பக் கேக்கறது, பென்ஷன் கணக்குல வழக்கத்துக்கு மாறா குழப்பம், இதுல ஏதாவது இருந்தா தள்ளிப்போடாம காட்டுங்க. எதுவுமே இல்லேன்னாலும் கண்ணும் காதும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் பத்தி லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட கமிஷன் 2024ல குடுத்த ரிப்போர்ட்ல நாம மாத்தக்கூடிய 14 காரணம் சொல்லியிருக்காங்க, அதுல காது கேக்காம போறதும் இருக்கு, பார்வைக் கோளாற கவனிக்காம விடறதும் இருக்கு. சந்தா காச அங்க செலவு பண்ணலாம்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் கேம்ப் போட்டு, மூளைப் பயிற்சி சாஃப்ட்வேர் போட்ட டேப்லெட்ட 18 ஆயிரத்துக்கு விக்கிறாரு. தினம் இருபது நிமிஷம் விளையாடினா மறதி நோயே வராதுங்கறாரு, அமெரிக்க ஆராய்ச்சியில நிரூபிச்சதாம். மாமியாருக்கு வாங்கலாமா?

பதில்: "நோயே வராது"ன்னு ஒருத்தர் சொன்னா அங்கயே எழுந்து வந்துடணும். இதே மாதிரி பேசினதுக்குத்தான் அமெரிக்காவுல ஃபெடரல் ட்ரேட் கமிஷன்ங்கற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்பு, லூமோசிட்டிங்கற மூளைப் பயிற்சி ஆப் கம்பெனி மேல நடவடிக்கை எடுத்துச்சு. விளையாடினா வயசானா வர்ற மறதி, டிமென்ஷியா எல்லாம் தள்ளிப்போகும்னு விளம்பரம் பண்ணாங்க, அதுக்கு ஆதாரம் இல்லேன்னு கேஸ், 2016 ஜனவரில 20 லட்சம் டாலர் கட்டி செட்டில் பண்ணாங்க. தானா புதுப்பிக்கிற சந்தாவ கஸ்டமர் சுலபமா நிறுத்த வழி வைக்கணும்னும் அதுல சேத்தாங்க.

ஆராய்ச்சியே இல்லன்னும் சொல்லிட முடியாது, அத மறைச்சா நானும் அந்த கேம்ப் ஆள் மாதிரிதான். ஆக்டிவ்னு பெரிய ஆய்வு ஒண்ணு, 65 வயசு தாண்டின 2,832 பேர். ஒரு குரூப்புக்கு ஞாபகம், ஒரு குரூப்புக்கு யோசிச்சு அடுத்தது என்னன்னு கண்டுபுடிக்கறது, ஒரு குரூப்புக்கு கண்ணு பாத்தத வேகமா புரிஞ்சுக்கறது, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துல இருந்து ஒண்ணேகால் மணி நேரம் ஓடற பத்து வகுப்பு. 2002ல வந்த ரிசல்ட்ல அவங்கவங்க எதுல பழகினாங்களோ அதுல முன்னேறினாங்க, அடுத்ததுக்கு அது தாவல. பத்து வருஷம் கழிச்சு கேட்டப்ப அன்றாட வேலையில சிரமம் கொஞ்சம் கம்மின்னு பயிற்சி எடுத்தவங்க சொன்னாங்க. வேகப் பயிற்சி எடுத்தவங்களுக்கு டிமென்ஷியா குறைவா வந்துச்சுன்னு 2017ல ஒரு கட்டுரை வந்துச்சு, அது எவ்ளோ தூரம் நம்பலாம்னு விஞ்ஞானிகளுக்குள்ளயே சண்டை. கவனிக்க வேண்டியது என்னன்னா அங்க சொல்லிக்குடுக்க ஒரு ஆள் இருந்தாங்க, யாரும் ஒரு டேப்லெட்ட குடுத்துட்டு போயிடல. கேரம் ஆடினா கேரம்ல கெட்டிக்காரர் ஆவோம், அதுக்காக சாவிய எங்க வச்சோம்னு ஞாபகம் வந்துடாது.

அந்த ஆள்கிட்ட ரெண்டு கேளுங்க: எந்த ஆய்வு, அதுல பயன்படுத்தினது இதே சாஃப்ட்வேரா? அப்புறம் "மறதி வராது"ன்னு வாயால சொன்னத பில்லுல எழுதிக் குடுப்பீங்களா? ரெண்டாவது கேள்விக்கே அவரு வாட்ச்ச பாக்க ஆரம்பிச்சுடுவாரு. மாமியாருக்கு விளையாட ஆசைன்னா பல்லாங்குழி, தாயம், பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்து, எதுலயும் பேட்டரி இறங்காது, கூட ஒரு ஆளும் உக்காரணும், அது தனி லாபம்.

கேள்வி: ஏழு நாள் ஃப்ரீன்னு ஒரு மெமரி கேம் அம்மா போன்ல போட்டேன். அவங்களுக்குப் புடிக்கல, மூணாவது நாளே டெலீட் பண்ணிட்டேன். இப்ப 1,999 ரூபா எடுத்துட்டாங்க. என்ன பண்றது?

பதில்: ஆப்ப டெலீட் பண்ணா சந்தா டெலீட் ஆகாது, இத எத்தன தடவை எழுதினாலும் மாசம் நாலு லெட்டர் வருது. ஆண்ட்ராய்டுன்னா ப்ளே ஸ்டோர்ல உங்க படத்த தொட்டு பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ள போய் கேன்சல் பண்ணுங்க, ஐபோன்னா செட்டிங்ஸ்ல மேல உங்க பேர தொட்டா சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். பணம் எடுத்து 48 மணி நேரம் ஆகலன்னா ப்ளே ஸ்டோர்லயே ரீஃபண்ட் கேளுங்க, தாண்டிட்டா ஆப் கம்பெனிக்கு மெயில், அந்த மெயில பத்திரமா வச்சுக்கோங்க. யூபிஐ ஆட்டோபேன்னா உங்க யூபிஐ ஆப்லயே அந்த மேண்டேட்ட, அதாவது பணம் தானா எடுக்கக் குடுத்த அனுமதிய, ரத்து பண்ணிடுங்க.

ரிசர்வ் பேங்க் விதிப்படி இந்த மாதிரி தானா எடுக்கற பணத்துக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும். அம்மா போன்ல எஸ்எம்எஸ் குப்பைய தோண்டிப் பாருங்க, வந்திருந்தா அத யாரும் படிக்கல, வரலன்னா பேங்க்ல புகார் குடுங்க. நிறுத்தற பட்டனயே ஒளிச்சு வச்சிருந்தா அது சந்தாப் பொறி, 2023 நவம்பர்ல மத்திய அரசு போட்ட டார்க் பேட்டர்ன் (கஸ்டமர ஏமாத்தற டிசைன்) விதியில தடை செஞ்ச 13ல ஒண்ணு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா முதியவங்களுக்கு தமிழ்ல மூளைப் பயிற்சி ஆப் பண்றோம். காசு குடுத்து வாங்கற ஆளா நீங்க என்ன பாப்பீங்க?

பதில்: இப்படி ஒரு கேள்வி வந்ததே சந்தோஷம் தம்பி. மொதல்ல லாகின்ன தூக்குங்க. ஓடிபி வந்து, அத படிச்சு, மறுபடி ஆப்புக்கு வந்து அடிக்கறதுக்குள்ளயே பாதிப் பேர் போன கீழ வச்சுடுவாங்க. ஒரு தொடுதல்ல எல்லாம் நடக்கணும், இழுத்து விடறது, ரெண்டு தட்டு தட்டறது எதுவும் வேணாம். ஆண்ட்ராய்டுக்காரங்களே பட்டன் 48 டிபியாவது (டிபின்னா ஸ்கிரீன்ல அளவு சொல்ற அலகு) இருக்கணும்னு சொல்றாங்க, வயசானவங்களுக்கு அதுக்கும் மேல வைங்க, பட்டனுக்கு நடுவுல இடமும் விடுங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சபட்சம், லேசான சாம்பல் எழுத்து டிசைனருக்கு அழகா இருக்கும், படிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வயசானா கண் லென்ஸ் மஞ்சளாகும், நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் கண்டுபுடின்னு கேம் வச்சா அது லென்ஸுக்கு வைக்கிற டெஸ்ட். கீச்சுன்னு வர்ற பீப் சத்தமும் வேணாம், காதுல மொதல்ல போறது அந்த உச்ச சத்தம்தான்.

தமிழ்னால ஒரு தனிப் பிரச்சினை இருக்கு, எழுத்து சைஸ பெருசாக்கினா "கீ", "கூ" மாதிரி எழுத்தோட சுழி மேலயும் கீழயும் வெட்டுப்படும், வரி இடைவெளிய தாராளமா விடுங்க, போன் செட்டிங்ல எழுத்த இரட்டிப்பாக்கி ஒவ்வொரு ஸ்கிரீனயும் பாருங்க. அப்புறம் அந்த "உங்கள் மூளையின் வயது 81"ங்கற ஸ்கிரீன், தயவுசெஞ்சு அத வைக்காதீங்க, மேல முதல் கேள்விய படிச்சீங்கள்ல.

டெஸ்ட் பண்ண கூட படிக்கிற பசங்கள கூப்பிடாதீங்க. எழுபது தாண்டின அஞ்சு பேர புடிங்க, பாட்டி, பக்கத்து வீட்டுத் தாத்தா, ஹாஸ்டல் வாட்ச்மேன், யாரா இருந்தாலும். போன கையில குடுத்துட்டு உங்க ரெண்டு கையயும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கோங்க. "இல்ல தாத்தா, இங்க தொடுங்க"ன்னு உங்க வாய்ல வர்ற ஒவ்வொரு எடத்தயும் நோட்ல எழுதுங்க, அடுத்த வாரம் மாத்த வேண்டிய லிஸ்ட் அதுதான்.