எடிட்டிங் கேள்வி பதில்: வெட்டுக்கு அப்பால் மிச்சம் இருக்கிறதா?

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரியைப் படமெடுத்து பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்கிறேன். சுவாமியைக் கடலுக்குத் தூக்கிச் செல்லும் ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் கிராஸ் டிஸால்வ் (ஒரு காட்சி மங்க மங்க அடுத்தது தெரிவது) போட்டால் 'இன்சஃபிஷியன்ட் மீடியா', அதாவது 'போதுமான வீடியோ இல்லை' என்று வருகிறது. ஓகே கொடுத்தால் அலை அரை விநாடி உறைந்து நிற்கிறது. ஏன்?
- வாசகர், கடலூர்

பதில்: டிஸால்வ் நடக்கும் நேரம் முழுக்க இரண்டு கிளிப்பும் சேர்ந்து ஓடியாக வேண்டும். அதற்கான ஃபிரேம்கள் வெட்டுக்கு (இரண்டு கிளிப் சேரும் இடத்துக்கு) அப்பால், நீங்கள் வெட்டி ஒதுக்கிய பகுதியிலிருந்து வருகின்றன. இதை 'ஹேண்டில்' என்பார்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில், வெட்டுக்கு நடுவாக 1 விநாடி டிஸால்வ் போட்டால், முதல் கிளிப்பில் வெட்டுக்குப் பின் 12, 13 ஃபிரேமும், அடுத்த கிளிப்பில் வெட்டுக்கு முன் அதே அளவும் மிச்சம் வேண்டும். நீங்கள் எடுத்ததை முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை அப்படியே போட்டிருப்பீர்கள். மிச்சம் இல்லாததால் மென்பொருள் ஓரத்து ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. டிரான்சிஷன் (இங்கே டிஸால்வ்) மேல் சாய்கோடுகள் தெரிகின்றனவா பாருங்கள். அதற்கு இதுதான் அர்த்தம். புதுச்சேரி பழைய கலங்கரை விளக்கத்தை டிரைபாடில் வைத்து எடுத்த ஷாட் என்றால் இது யார் கண்ணிலும் படாது. அலை நின்றால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

முதலில் எந்தப் பக்கம் பற்றாக்குறை என்று பாருங்கள். கிளிப்பின் மூலையில் சின்ன முக்கோணம் இருந்தால் அந்த முனையில் சரக்கு தீர்ந்துவிட்டது. அடுத்த கிளிப்பின் தொடக்கத்தில் மட்டும்தான் குறை என்றால், டிரான்சிஷனைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பலகத்தில் அலைன்மென்ட்டை 'ஸ்டார்ட் அட் கட்' என்று மாற்றுங்கள். அடுத்த கிளிப்புக்கு மிச்சமே தேவைப்படாது. ஆனால் முதல் கிளிப்பில் வெட்டுக்குப் பின் 25 ஃபிரேம் மிச்சம் இருக்க வேண்டும். முதல் கிளிப்பின் முடிவில் குறை என்றால் 'எண்ட் அட் கட்'.

இரு பக்கமும் இல்லையென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். 'B' விசையில் ரிப்பிள் எடிட் கருவியை (கிளிப்பைக் குறைத்து, இடைவெளி விழாமல் மூடுவது) எடுத்து, வெட்டின் ஒவ்வொரு பக்கமும் கிளிப் ஓரத்தை 13 ஃபிரேம் உள்ளே தள்ளுங்கள். ஒரு இணைப்புக்கு 26 ஃபிரேம், ஏறக்குறைய 1 விநாடி, மொத்த நீளத்தில் குறையும். பாட்டின் தாளத்துக்கு வெட்டிய வீடியோவில் 20 இடத்தில் இப்படிச் செய்தால் கடைசியில் 20 விநாடி நழுவியிருக்கும். அதனால் இசையைப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். டிஸால்வை 10 ஃபிரேமாகச் சுருக்கினால் பக்கத்துக்கு 5 ஃபிரேம் போதும். பெரும்பாலும் அதுவே பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அடுத்த முறை ரெக்கார்ட் அழுத்தி மனசுக்குள் மூன்று எண்ணிய பிறகு ஷாட்டைத் தொடங்குங்கள். முடிந்த பிறகும் மூன்று எண்ணி நிறுத்துங்கள்.

கேள்வி: படம் சரியாக ஒட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் ஒலியில் 'டப்' என்று கேட்கிறது.
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: ஒலி அலை ஓர் உயரத்தில் இருக்கும்போது அறுபட்டு, சட்டென்று வேறு உயரத்தில் தொடங்குவதால் வரும் சத்தம் அது. வெட்டில் 2 ஃபிரேம் ஆடியோ கிராஸ்ஃபேட் (ஓர் ஒலி தேய, அடுத்தது எழுவது) போட்டால் போதும், 80 மில்லிவிநாடிதான். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் ஒலிக்கு மட்டும் டிரான்சிஷன் போட ஷிஃப்ட் + T. பிரீமியரில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + D. தானாக வரும் 1 விநாடியை 2 ஃபிரேமாகக் குறைக்க மறக்காதீர்கள்.

பிரீமியரில், வெட்டின் இரு பக்கமும் வெவ்வேறு ஒலியானால் 'கான்ஸ்டன்ட் பவர்' என்ற கிராஸ்ஃபேட் வகையை எடுங்கள். 'கான்ஸ்டன்ட் கெயின்' போட்டால் நடுவில் ஒலி பள்ளம் விழும். ஒரே ஒலியின் தொடர்ச்சி என்றால் மாறாக, கெயின்தான் சரி.

கடல் இரைச்சலை 2 விநாடி கிராஸ்ஃபேட் செய்யலாம், யாருக்கும் தெரியாது. தவிலை அப்படிச் செய்யவே கூடாது. இரண்டு தாளம் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். அடி விழும் இடத்துக்கு ஒரு ஃபிரேம் முன்னால் வெட்டுங்கள். கடற்கரைச் சாலையில் எடுக்கிறீர்களானால், ஓரிடத்தில் நின்று வெறும் அலை ஓசையை 1 நிமிடம் தனியாகப் பதிவு செய்து, எல்லா ஷாட்டுக்கும் அடியில் ஒரே தடமாக விரித்துவிடுங்கள். பாதி வெட்டுகள் அதிலேயே மறைந்துவிடும்.

கேள்வி: எல்லா கிளிப்புக்கும் ஒரே அடியில் டிஸால்வ் போட முடியுமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முடியும். ரிசால்வில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + T. ஆனால் போடாதீர்கள். ஒரே கோணத்தில் ஒருவர் பேசுவதை வெட்டி டிஸால்வ் செய்தால் முகம் இரண்டாகி ஆவிபோல் தெரியும். அங்கே அவர் கையையோ எதிரில் உள்ள பொருளையோ காட்டும் ஷாட் ஒன்றை மேலே வையுங்கள். நேரமோ இடமோ மாறும்போது மட்டும் டிஸால்வ்.

கேள்வி: டிரான்சிஷன் வரும் இடத்தில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. ஏற்றுமதி செய்த கோப்பிலும் அப்படித்தான் வருமா?
- வாசகி, பாகூர்

பதில்: பெரும்பாலும் வராது. இரண்டு கிளிப்பை ஒரே நேரத்தில் விரித்துக் கலப்பதற்குக் கணினி திணறுகிறது, அவ்வளவுதான். பிரீமியரில் அந்த இடத்துக்கு மேல் சிவப்புக் கோடு இருந்தால் என்டர் தட்டி ரெண்டர் செய்து (கலந்த படத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்து) பாருங்கள். அதன் பிறகும் திக்கினால் கோளாறு மூலக் கிளிப்பில் இருக்கிறது. டிரான்சிஷனை எடுத்துவிட்டு அதை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.