8080 காலத்து நுண்செயலிகளுக்கு அத்தனை துணைச் சில்லுகள் ஏன் தேவைப்பட்டன?

கணக்கிடும் வேலை முழுவதையும் நுண்செயலியே செய்கிறது என்றால், அதைச் சுற்றி 8224, 8228, 8253, 8259 என்று இத்தனை சில்லுகள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்காரணம் பின்களின், அதாவது சில்லை மற்றவற்றோடு இணைக்கும் உலோகக் கால்களின், பற்றாக்குறை என்றே நான் கருதுகிறேன்.

1974இல் இன்டெல் வெளியிட்ட 8080க்கு 40 பின்கள்தாம். முகவரிக்கு 16, தரவுக்கு 8, மூன்று வகை மின்னழுத்தங்களுக்கும் தரை இணைப்புக்குமாக 4 போனால் மிஞ்சுபவை 12. எனவே தான் படிக்கப்போவது நினைவகத்தையா, உள்ளீட்டுக் கருவியையா என்பதைத் தனிப் பின்களில் தெரிவிக்க வழியின்றி, ஒவ்வொரு இயந்திரச் சுழற்சியின் (ஒருமுறை படிக்கும் அல்லது எழுதும் படியின்) தொடக்கத்திலும் அந்த விவரத்தைத் தரவுக் கோடுகளிலேயே அது சிறிது நேரம் வெளியிட்டது. அதைப் பிடித்து வைத்துக் கட்டுப்பாட்டுக் குறிகைகளாக மாற்றித் தருவது 8228இன் பொறுப்பு. கடிகாரத் துடிப்பை 8224 தந்தது. 1976இல் வந்த 8085 இவ்விரு வேலைகளையும் தனக்குள் எடுத்துக்கொண்டு, 5 வோல்ட் ஒன்றிலேயே இயங்கியது.

இரண்டாவது காரணம் செயலியின் நேரத்தை மிச்சப்படுத்துவது. இதற்கு 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8253ஐவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதில் மூன்று 16 பிட் எண்ணிகள் உண்டு; மூன்றுக்கும் 1.193 மெகாஹெர்ட்ஸ் துடிப்பே உள்ளீடு. முதல் எண்ணி 65,536 வரை எண்ணி, நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை குறுக்கீடு (செயலியின் வேலையை இடைநிறுத்திக் கவனத்தைக் கோரும் குறிகை) எழுப்பிக் கணினியின் நேரத்தை நகர்த்தியது. மூன்றாவது எண்ணி ஒலிபெருக்கிக்கு உரியது. இரண்டாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. பிசியின் நினைவகமான டைனமிக் ரேமில் ஒவ்வொரு வரிசையையும் 2 மில்லிநொடிக்குள் புதுப்பிக்காவிட்டால் தரவு அழிந்துவிடும் என்பதால், அந்த எண்ணி 18 துடிப்புகளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 15 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, செயலியின் உதவியின்றி நினைவகத்தை நேரடியாக அணுகும் 8237 டிஎம்ஏ சில்லைத் தூண்டும். அது நினைவகத்தில் ஒரு வெற்று வாசிப்பை நிகழ்த்தும். 128 வரிசைகளும் ஏறத்தாழ 1.93 மில்லிநொடியில் முடிந்துவிடும். இதற்காகப் பிசியின் செயலியான 8088 ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்ற வேண்டியதில்லை. நினைவகத்துக்கான பாதையைச் சிறிது நேரம் விட்டுக்கொடுத்தால் போதும்.

8259 எட்டுக் குறுக்கீடுகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, செயலியின் ஒரே குறுக்கீட்டுப் பின்னுக்கு அனுப்பியது. எட்டுப் போதாமல் 1984இன் ஐபிஎம் ஏடியில் இரண்டு 8259களை அடுக்கடுக்காக இணைத்தார்கள். அந்த இணைப்புக்கே ஒரு கோடு செலவானதால் கிடைத்தவை 15. பின்னர் இச்சில்லுகள் தனித்தனியாக இல்லாமல் சிப்செட் எனும் ஒருங்கிணைந்த சில்லுத் தொகுதிக்குள் ஒடுங்கிவிட்டன என்றாலும், அதே எண்ணுள்ள போர்ட்டுகளில் (செயலி கருவிகளை அணுகும் முகவரிகளில்) அதே கட்டளைகளைப் பழைய மென்பொருளுக்காக ஏற்றுக்கொண்டே இருந்தன.