எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஆனாலும் வலிக்கிறது

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கன்னங்குறிச்சியில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டியபோது, சக்கரத்தில் சிறு கல் சிக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்துவிட்டான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஐந்து நாளாகியும் பாட்டில் மூடியைத் திருகினால் வலிக்கிறது என்கிறான். சுளுக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். கை தேறியதும் நண்பர்களோடு ஏற்காடு மலைப்பாதையில் ஸ்கேட்போர்டில் இறங்கி வர வேண்டும் என்று ஆசை வேறு. என்ன செய்வது?
- ஒரு தாய், சேலம்

பதில்: தயவுசெய்து சுளுக்கு எடுக்க அழைத்துப் போகாதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம். உங்கள் மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் 13 வயதுக் கையைப் பெரியவர்களின் கையைப் போல நினைக்க முடியாது.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. மூட்டைப் பிணைக்கும் நார்களைவிட அது பலவீனமானது. அதனால் பெரியவர்களுக்கு வெறும் சுளுக்கோடு போகிற அடி, பிள்ளைகளுக்கு இந்தத் தட்டில் விரிசலாக இறங்கிவிடும். தட்டு குருத்தெலும்பால் ஆனது; எக்ஸ்ரேயில் தெரியாது. முன்கையின் ஆரை எலும்பு நீள்வதில் முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத் தட்டில்தான் நடக்கிறது. அந்த இடத்தைப் பிடித்து இழுத்துத் திருகினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. மகனைக் கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கச் சொல்லுங்கள். விரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக ஒரு சிறு குழி விழும். அதில் உங்கள் விரல்நுனியால் மெதுவாக அழுத்துங்கள். மற்றக் கையிலும் அதேபோல் அழுத்தி, முகத்தைக் கவனியுங்கள். அடிபட்ட பக்கம் மட்டும் சுளித்தால், குழிக்குக் கீழே உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பில் முறிவு இருக்கக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் மறுபாதிக்கு ரத்தம் போகாமல், எலும்பு கூடாமலே நின்றுவிடலாம்.

குழியில் வலி இல்லாவிட்டாலும் நாளையே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். முறிவு இருப்பதாகவே கருதி மாவுக்கட்டு போட்டு, விழுந்த நாளிலிருந்து 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்குள் கட்டுக்கு வெளியே விரல்கள் மரத்துப்போனாலோ, வெளிறினாலோ, விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாமல் வலித்தாலோ, இரவானாலும் உடனே போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும்.

பலகையைப் பிடுங்கி வைக்க வேண்டாம். ஓடியாடும் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். வலியில்லாமல் கை முழுதாகத் திரும்பி, மருத்துவரும் சம்மதித்த பிறகு விளையாடட்டும். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்த மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் காப்புகள், பின்தலையையும் மூடும் ஸ்கேட்டிங் ஹெல்மெட் எல்லாம் வேண்டும். அப்பாவின் பைக் ஹெல்மெட் கனமானது, சின்னத் தலையில் ஆடும், அது உதவாது. ஹெல்மெட் போட வெட்கப்பட்டால் பிரிட்டன் ஸ்கேட்போர்டு வீராங்கனை ஸ்கை பிரவுனைப் பற்றிச் சொல்லுங்கள். 2020இல் பயிற்சியின்போது விழுந்து மண்டை ஓட்டிலும் இடது மணிக்கட்டிலும் முறிவு ஏற்பட்ட சிறுமி அவர். ஹெல்மெட் அணிந்திருந்தார். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், 13 வயதில் வெண்கலம் வென்றார்.

ஏற்காடு பாதைக்கு மட்டும் கண்டிப்பாகச் சம்மதிக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ்ஸும் லாரியும். ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது. சரிவில் வேகம் கூடக் கூடப் பலகை தள்ளாடும், காலை ஊன்றி நிறுத்தவும் முடியாது. அங்கே விழுந்தால் மணிக்கட்டோடு போகாது. சமதளத்தில், வண்டி வராத இடத்தில், கல்லைப் பெருக்கிவிட்டு ஓட்டட்டும். தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் என்று எது வந்தாலும் 108ஐ அழையுங்கள்.