வீட்டு பிரிண்டரில் போட்டோ: கேட்டவையும் பதிலும்

இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டோ போடுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிப் பேர் பிரிண்டரைத் திட்டியிருக்கிறீர்கள். அது பாவம், பெரும்பாலும் அதன் மேல் தப்பில்லை.

கேள்வி: அண்ணா, நாலு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினேன். கிளாஸி பேப்பர்ல போட்டா கறுப்பு கையில ஒட்டுது, கலரும் வெளிறிப்போகுது. பிரிண்டர் மட்டமா?

பிரிண்ட் கொடுக்கும்போது 'பேப்பர் டைப்' என்று ஒன்று வருமே, அதில் என்ன இருந்தது? நீங்கள் தொடாமல் விட்டிருந்தால் 'பிளெய்ன் பேப்பர்' என்றுதான் இருக்கும். எவ்வளவு இங்க் தெளிப்பது, எந்த இங்க்கை எடுப்பது என்பதையெல்லாம் பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கேனான் ஜி2010 போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் (நுண்ணிய நிறத்துகள் மிதக்கும் இங்க்), மற்ற மூன்றும் டை (கரைந்த சாயம்). டை இங்க் பேப்பரின் பூச்சுக்குள் இறங்கிவிடும். அந்த பிக்மென்ட் கறுப்போ சாதாரணத் தாளில் எழுத்து அடிப்பதற்கானது. கிளாஸியில் இறங்காமல் மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுபடும். 'போட்டோ பேப்பர்' என்று மாற்றிப் பாருங்கள். கறுப்பு இங்க்கைத் தொடாமல், மற்ற மூன்றையும் கலந்தே கறுப்பைக் கொண்டுவந்துவிடும்.

போனிலிருந்து நேராகக் கொடுப்பவர்களுக்கு இந்த செட்டிங் சில சமயம் கண்ணிலேயே படாது. பிரிண்டர் கம்பெனியின் ஆப் வழியாகக் கொடுங்கள்.

அப்படியும் ஈரம் காயவில்லை என்றால் பேப்பரைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். விரல் நுனியை லேசாக நனைத்து ஒரு மூலையைத் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டுகிற பக்கம்தான் பிரிண்ட் போட வேண்டிய பக்கம்.

கேள்வி: 130, 180, 230, 270 ஜிஎஸ்எம்னு விக்கிறாங்க. எது நல்லது சார்?

ஜிஎஸ்எம் என்பது எடை மட்டும்தான். ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்று சொல்லும்; தரத்தைச் சொல்லாது. பார்க்க வேண்டியது பூச்சை. விலை குறைந்த கிளாஸி பெரும்பாலும் சாதாரணத் தாளின் மேல் பளபளப்புப் பூசியதுதான். இங்க் அதிகமாக இறங்கினால் அலை அலையாக நெளியும். ஆர்.சி. (ரெசின் கோட்டட்) பேப்பரில் தாளின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். நெளியாது, கையில் எடுத்தால் லேப் பிரிண்ட் மாதிரியே இருக்கும். ஆல்பத்துக்கு ஆர்.சி.யே வாங்குங்கள். பள்ளி புராஜெக்ட்டில் ஒட்ட 130 தாராளம்.

மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து போட்டுவிடாதீர்கள். ஈரத்தை இழுத்த பேப்பரில் இங்க் பரவும்.

கேள்வி: ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்கு, பிரிண்ட் இருட்டா வருது.

ஸ்கிரீனுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, பேப்பருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பிரைட்னஸை முழுசாக வைத்துக்கொண்டு எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். பாதிக்கும் கீழே இறக்குங்கள். அப்புறம், ஒரே முகத்தைச் சின்னதாக வெட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலு துண்டாக ஒரே 4×6 இன்ச் பேப்பரில் போடுங்கள். அதை ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எது சரி என்று உடனே தெரிந்துவிடும், ஒரு பேப்பர்தான் செலவு.

கேள்வி: எல்லார் முகமும் சிவந்து வருது.

முதலில் நாசில் செக் போடுங்கள், அதாவது இங்க் தெளிக்கும் ஹெட்டின் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பக்கம். நீலக் கட்டத்தில் கோடுகள் அங்கங்கே விட்டிருந்தால் சயான் என்ற நீல இங்க் அடைத்திருக்கிறது. சயான் குறைந்தால் முகம் சிவக்கும். கோடுகள் முழுசாக இருந்தும் சிவந்தால், போட்டோஷாப்பும் பிரிண்டர் டிரைவரும் (கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) ஆளுக்கு ஒரு தடவை கலரைத் திருத்துகின்றன. ஒன்றை நிறுத்துங்கள். கலர் புரொஃபைல் (நிறத்தைப் பேப்பருக்கும் இங்க்குக்கும் ஏற்ப மாற்றச் சொல்லும் ஃபைல்) பற்றித் தெரியாதவர்கள் பிரிண்டரிடமே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஹெட் கிளீனிங் அஞ்சாறு தடவை போட்டுட்டேன் அண்ணா, இன்னும் கோடு விழுது.

போதும், நிறுத்துங்கள்! ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல இங்க் உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் கழிவு பேடுக்குப் போகிறது. அது நிரம்பிவிட்டால் பிரிண்டரே நின்றுவிடும். இரண்டு தடவை போட்டும் சரியாகவில்லை என்றால் ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் மறுபடி நாசில் செக் போட்டுப் பாருங்கள். அடைத்த இங்க் ஊறி இளகியிருக்கலாம். இனிமேல் வாரம் ஒரு கலர் பக்கமாவது போடுங்கள். இன்னொன்று: பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்த பிறகுதான் பிளக் சுவிட்சைத் தொட வேண்டும். அப்போதுதான் ஹெட் ஓரமாகப் போய் மூடியில் உட்காரும். நேராகச் சுவிட்சைத் தட்டினால் ஹெட் திறந்தபடியே காயக்கூடும்.

கேள்வி: 4×6ல போட்டா தலை வெட்டுப்படுது.

போன் படம் பொதுவாக 4:3, பேப்பர் 3:2. நீளப்பக்கங்களில் ஏதாவது போய்த்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது என்பதை பிரிண்டரிடம் விடாமல் நீங்களே 3:2க்கு கிராப் செய்துவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்ல வந்த படத்தை ஏ4ல போடலாமா?

300 பிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல்) கணக்கில் 4×6க்கு 1200×1800 பிக்சல் வேண்டும், ஏ4க்கு 2480×3508. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் 4×6க்குத் தாங்கும், ஏ4க்குத் தாங்காது. அனுப்பியவரிடம் 'டாகுமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

கேள்வி: அப்பா படத்தைப் பெரிசாப் போட்டு ஹால்ல மாட்டணும். வீட்லயே போடலாமா சார்?

இதை மட்டும் லேபில் கொடுங்கள் என்பேன். டை இங்க்குக்கு வெயிலும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. அந்தப் படத்துக்கு ஈரப் பூமாலை போடுவீர்கள். மாலையிலிருந்து வழிகிற தண்ணீர் ஃபிரேமின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே போனால் அந்த இடம் கரைந்து திட்டாகிவிடும். வீட்டில்தான் போடுவது என்றால் பிக்மென்ட் இங்க் பிரிண்டர் நல்லது. எதில் போட்டாலும் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு ஃபிரேம் போடுங்கள். கண்ணாடி படத்தின் மேல் படாமல் நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம்.

கேள்வி: ஆறு கலர் பிரிண்டர் வாங்கலாமா?

எப்சன் எல்8050 மாதிரி பிரிண்டரில் கூடுதலாக வருவது வெளிர் சயானும் வெளிர் மஜென்டாவும் (இளஞ்சிவப்பு). கன்னம், வானம் மாதிரி இளநிற இடங்களில் புள்ளி தெரியாமல் வழவழவென்று வரும். வாராவாரம் போடுவீர்கள் என்றால் வாங்குங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்துப் படம் போட இது வேண்டாம். சும்மா கிடந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பாஸ்போர்ட் சைஸ் அளவு மாறி வருதே?

3.5×4.5 செ.மீ. படம் ஒரு 4×6 பேப்பரில் எட்டு பிடிக்கும். 'பார்டர்லெஸ்' போட்டிருப்பீர்கள், ஓரத்தில் வெள்ளை விழாமல் இருக்க அது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். 'ஃபிட் டு பேஜ்'ஜும் அளவை மாற்றும். இரண்டையும் எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் போட்டு, ஸ்கேலால் அளந்த பிறகு வெட்டுங்கள்.

கேள்வி: மிச்சம் இருக்கற கிளாஸி பேப்பரை ஆபீஸ் லேசர் பிரிண்டர்ல போடலாமா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் பூச்சு உருகி உள்ளே ரோலரில் ஒட்டிக்கொள்ளும். ரிப்பேர் பில் உங்கள் பெயரில்தான் வரும்.